வரி இலை ஃபூகிரான் வாங்கப் போகிறீர்களா? 48,000 யென் ஏமாந்த நான் சொல்வதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

இன்று காலை நான் செடி வாங்கிய செயலியிடமிருந்து மூன்றாவது முறையாக அதே பதில் வந்தது. "பரிவர்த்தனை நிறைவடைந்துவிட்டதால் எங்களால் தலையிட இயலாது. இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்." முதல் தடவை வந்ததும் இதுதான், இரண்டாவது தடவையும் இதுதான், ஒரு எழுத்து மாறவில்லை. யாரோடு பேசித் தீர்த்துக்கொள்வது? விற்றவர் என்னைத் தடை செய்து பத்து நாள் ஆகிறது. போனது 48,000 யென். ஃபூகிரான் என்ற ஜப்பானிய ஆர்க்கிட் செடியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் டோக்கியோவில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் இரண்டு வருடமாக இந்தச் செடிகளை வளர்க்கிறேன். மரக்கிளையிலும் பாறையிலும் வேரைப் பற்றவைத்து வளரும் ஜப்பானின் குட்டி ஆர்க்கிட் இது, ஃபூரான் என்பார்கள், காற்று ஆர்க்கிட் என்று பொருள். அதிலேயே இலையின் உருவம், வரி, பூவின் நிறம் என்று ஏதாவது ஒன்றில் தனித்து நிற்பவற்றைப் பொறுக்கிப் பெயர் வைத்துப் பதிவு செய்தால் அது ஃபூகிரான். என் முதல் செடி 1,500 யென்னுக்கு வாங்கிய சாதாரணப் பச்சைச் செடிதான். ஜூன் கடைசியில் பூத்தது, பகலில் பெரிதாக மணமே இல்லை, இருட்டிய பிறகு பால்கனிக் கதவைத் திறந்தால் வீடு முழுக்க மணம். பருந்து அந்துப்பூச்சி இரவில் தேடி வரும் பூ, அதனால்தான் வால் மாதிரி அவ்வளவு நீளமான தேன்குழல். அந்த ஒரு வாரத்தில்தான் எனக்கு இந்தப் பித்து பிடித்தது.

அப்புறம் வரி இலை ரகம் ஒன்று வேண்டும் என்று ஆசை. ஃபுகிடென் என்ற ரகத்தின் படங்களை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தேன், பணமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். போன அக்டோபரில், தனியாட்கள் தங்கள் பொருளைத் தாங்களே போட்டு விற்கும் ஒரு செயலியில் அது வந்தது. மூன்று தூர் கட்டிய கொத்து, ஒரே தாய்ச்செடி, 48,000 யென்.

எதை நம்பினேன் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்களும் அதைத்தான் நம்புவீர்கள். கேள்வி கேட்டேன், ஒரு மணி நேரத்தில் நீளமான, மரியாதையான பதில் வந்தது. அப்பா நாற்பது வருடம் சேர்த்த செடிகள், அவருக்கு இப்போது முடியவில்லை, நன்றாகப் பார்த்துக்கொள்பவர்களுக்குத்தான் தர வேண்டும் என்கிறார் என்று எழுதியிருந்தார். ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களில் ஒருவரான பதினோராம் ஷோகன் டோகுகாவா இயெனாரி காலத்துப் பிரபுக்கள் இந்தச் செடிக்கு மேல் தங்கக் கம்பி வலை கவிழ்த்து வைத்ததையும், மூச்சுக்காற்று படக்கூடாதென்று வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு பார்த்ததையும் சொல்லி, "எங்கள் வீட்டிலும் அப்பா எங்களைப் பேசாமல் நின்று பார்க்கச் சொல்வார்" என்று முடித்திருந்தார். இப்படி எழுதுகிறவர் ஏமாற்றுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அன்றிரவே பணம் கட்டினேன்.

செடி வந்தது. இலைகள் படத்தில் இருந்த மாதிரியேதான். ஃபூகிரானை நீள இழை ஸ்பாக்னம் பாசியை உள்ளே வெற்றிடம் விட்டு மேடாகச் சுற்றி அதன் மேல் உட்காரவைப்பார்கள், வேரெல்லாம் அந்தப் பாசிக்குள் மறைந்துவிடும். இதுவும் அழகாக, இறுக்கமாகச் சுற்றியிருந்தது. கூடவே கையால் எழுதிய சீட்டு: "குளிர்காலம் வருகிறது, வசந்தம் வரை பாசியைப் பிரிக்காதீர்கள், வேர் நொந்துவிடும்." பாசி மாற்றுவது வழக்கமாக வசந்தத்தில்தான், அதனால் அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. அன்று மாலையே செய்தி. "அப்பா கவலைப்படுகிறார், நல்லபடியாக வந்து சேர்ந்ததென்று பதிவு செய்துவிட முடியுமா?" செய்தேன். கிடைத்தது என்று நாம் பதிவு செய்து மதிப்பீடு கொடுத்த நிமிடமே பணம் விற்றவர் கணக்குக்குப் போய்விடும், பரிவர்த்தனை முடிந்துவிடும். எனக்குத் தெரியும், தெரிந்தும் செய்தேன், ஒரு வயதானவரின் கவலை என்று நினைத்து.

குளிர்காலத்தில் இதற்குத் தண்ணீரை வெகுவாகக் குறைத்துவிட வேண்டும், இலை கொஞ்சம் சுருங்கும், அது இயல்புதான். அதனால் சுருக்கம் வந்தபோது நான் பயப்படவில்லை. மார்ச் கடைசியில் தண்ணீரைக் கூட்டினேன். மற்ற செடிகளெல்லாம் ஒரு வாரத்தில் நிமிர்ந்தன, இது நிமிரவில்லை. ஏப்ரல் முதல் ஞாயிறு பாசியைப் பிரித்தேன்.

வேர் இல்லை. இரண்டு தூரில் சுத்தமாக இல்லை, கறுத்த அடிக்கட்டை மட்டும், அதுவும் கத்தியால் வெட்டிய மாதிரி நேராக. மூன்றாவதில் விரல் நீளத்துக்கு ஒரே ஒரு வேர். அதைவிடக் கொடுமை, மூன்றும் ஒட்டியே இல்லை! தனித்தனித் துண்டுகள், பச்சை உறை போட்ட மெல்லிய கம்பியால் அடியில் சேர்த்துக் கட்டி, மேலே பாசியைச் சுற்றி ஒரே கொத்து மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். தாய்ச்செடியிலிருந்து கன்று விட்டு வளர்ந்த கொத்துக்கும், பல துண்டுகளைச் சேர்த்து வைத்ததற்கும் மதிப்பில் எவ்வளவு வித்தியாசம் என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். வளரும் வேர் நுனியின் நிறமும் ரகத்தை அடையாளம் காண ஒரு வழி, சிலவற்றில் பச்சை, சிலவற்றில் மாணிக்கச் சிவப்பு. வேரே இல்லாத செடியில் நான் எதைப் பார்ப்பது? இது ஃபுகிடென்தானா என்பதே இப்போது சந்தேகம்.

படம் எடுத்து அனுப்பினேன். மூன்று நாள் பதிலே இல்லை. பிறகு, "உயிருள்ள பொருள், அனுப்பும்போது நன்றாக இருந்தது." கம்பியைப் பற்றிக் கேட்டேன். "ஆடாமல் இருக்கக் கட்டியது." வெட்டின இடத்தைப் பற்றிக் கேட்டேன். "ஆறு மாதம் உங்களிடம்தானே இருந்தது, தண்ணீர் அதிகம் விட்டிருப்பீர்கள்." அப்பா எப்படி இருக்கிறார் என்றும் கேட்டேன், உண்மையாகவே கேட்டேன். அதற்குப் பிறகுதான் தடை. 188 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள், ஆனால் விற்றவர் கடை இல்லை, தனியாள் என்பதால் செய்யக்கூடியது குறைவு என்றார்கள். ஆக 48,000 யென் போனதுதான்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது மனம் அதில் நிற்கவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். பாசியைப் பிரித்த நிலையில் வேர்ப் படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கொத்து என்றால் அடியில் தூர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது தெரிகிற படம் வேண்டும். செடி வந்ததும், பெட்டி திறப்பதிலிருந்து பாசி பிரிப்பது வரை வீடியோ எடுங்கள், மெல்லப் பிரித்துத் திரும்பச் சுற்றினால் இந்தச் செடிக்கு ஒன்றும் ஆகாது. வேரைப் பார்க்கும் வரை யார் எவ்வளவு கெஞ்சினாலும் கிடைத்தது என்று பதிவு செய்யாதீர்கள். விதையில் முளைத்த செடிக்குத் தாயின் பெயரைச் சொல்லி விற்பவர்களிடமும் போகாதீர்கள், பெயர் தாயிலிருந்து பிரித்த கன்றுக்கு மட்டும்தான். முடிந்தால் நேரில் பார்த்து வாங்குங்கள்.

ஒரு வேர் மிஞ்சிய அந்தத் துண்டைப் புதுப் பாசியில் வைத்து நிழலில் விட்டிருக்கிறேன். செயலிக்கு நான்காவது தடவை எழுத வேண்டும், இந்த முறை அந்தக் கம்பியின் படத்தோடு.