பழைய ட்ரெய்லருக்கு பாலியூரித்தேன் ஏர் ஹோஸ் செட்: வாங்கலாமா?

ஹார்ஸுக்கும் (இன்ஜின் உள்ள முன்வண்டி) ட்ரெய்லருக்கும் நடுவே பிரேக் காற்றுக்காக மாட்டும் சுருள் ஹோஸில் நைலான்தான் விலை குறைவு. ஆனால் ஒரு தடவை மடிந்துவிட்டால் அந்த மடிப்பு போகாது, பிறகு அங்கேயேதான் விரிசல் விழும். பாலியூரித்தேன் இழுத்து விட்டால் தானாகச் சுருண்டுகொள்ளும், தொங்கி பிளாட்ஃபார்ம் தகட்டில் உரசுவதும் குறைவு. பழைய வண்டிக்குக் கூடுதல் காசு கொடுத்து இதை வாங்குவது நியாயம்தான். சூடு மட்டும் ஆகாது என்பதால் சைலன்சரை விட்டுத் தள்ளியே கட்ட வேண்டும்.

இந்த செட்டில் மனசுக்குப் பிடித்தது நிறம். சிவப்பு சப்ளை லைன், அதாவது ட்ரெய்லரின் காற்று டேங்கை நிரப்புவது; மஞ்சள் சர்வீஸ் லைன், அதாவது பெடலை மிதிக்கும்போது ட்ரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைப்பது. மிகப் பழைய ட்ரெய்லர்களில் ஸ்பிரிங் பிரேக் (காற்று இல்லாவிட்டால் ஸ்பிரிங்கே பிடித்துக்கொள்ளும் பிரேக்) இருக்காது. அப்படிப்பட்ட வண்டியில் இரண்டு லைனையும் மாற்றி மாட்டினால் ட்ரெய்லர் டேங்குக்குக் காற்றே ஏறாது. டேங்க் ஏற்கெனவே காலியாக இருந்தால் சக்கரம் தாராளமாகச் சுற்றும், வண்டியும் கிளம்பிவிடும், பின்னால் பிரேக் மட்டும் இருக்காது. ஸ்பிரிங் பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் நகராமல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ட்ரெய்லர் பக்கத்து கப்ளிங்குக்கும் அதே சிவப்பு, மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

ஹோஸ் மாற்றியும் காற்று இறங்கினால் ஹோஸைக் குறை சொல்லாதீர்கள். டேங்கை 8 பார் வரை நிரப்பி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, இன்ஜினை நிறுத்துங்கள். பெடலைத் தொடாமலே சீறினால் சிவப்பு லைன் பக்கம் பாருங்கள். மிதித்தால் மட்டும் சீறினால் மஞ்சள் பக்கம். மிதிக்காமல் நிமிடத்துக்கு 3 பி.எஸ்.ஐ. (1 பார் என்பது சுமார் 14.5 பி.எஸ்.ஐ.), மிதித்த நிலையில் 4 பி.எஸ்.ஐ. இதற்கு மேல் இறங்கக் கூடாது என்பது அமெரிக்காவில் ட்ரெய்லர் ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு. நம் வண்டிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

பெரும்பாலும் கோளாறு பாம் கப்ளிங் (ஹோஸ் முனையில் திருகிப் பூட்டும் இணைப்பு) ரப்பரில்தான் இருக்கும். அதை நெம்பி எடுத்தால் உதட்டில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கும், காடியில் ஆயிலும் மணலும் கலந்த கறுப்புப் பசை அப்பியிருக்கும். காடியைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புது ரப்பர் போடுங்கள். டீசல், கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். புது ரப்பரும் சீக்கிரமே ஊதிப்போனால் கம்ப்ரஸர் ஆயில் தள்ளுகிறது என்று அர்த்தம்.

வாங்கும்முன் மரையை அளந்து பாருங்கள். 16 மி.மீ. உண்டு, 22 மி.மீ. உண்டு, இரண்டுக்கும் பிட்ச் (மரைகளுக்கு நடுவே உள்ள தூரம்) 1.5 மி.மீ.தான். நீளத்தை வண்டியை முழுசாக ஒடித்து நிறுத்திப் பார்த்து முடிவு செய்யுங்கள். அப்போதும் சுருளில் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும்.

கூடவே வரும் 7 பின் கரன்ட் கேபிளில் எர்த் கம்பி மற்றதைவிடத் தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். இண்டிகேட்டர் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து மங்கலாகச் சிமிட்டுகிறது என்றால் பல்பை மாற்றிப் பயனில்லை, எர்த் பின்னைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

செட்டில் டம்மி கப்ளிங் (கழற்றிய ஹோஸ் முனையை மாட்டி மூடி வைக்கும் வெற்று இணைப்பு) கொடுப்பதில்லை, அது பெரிய குறை. தனியாக இரண்டு வாங்கி ஹார்ஸில் பொருத்துங்கள். ட்ரெய்லரைக் கழற்றிப் போடும்போது ஹோஸ் முனையைத் திறந்தே விட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும், அடுத்த முறை மாட்டும்போது அந்த மண் வால்வுக்குள் போய்ச் சேரும்.