காட்டு எல்லையைப் போனில் பதிய: கோமாப்பேயோ ஆப் எந்த அளவுக்குப் பயன்படும்?

கோமாப்பேயோவுக்கு மைய சர்வர் கிடையாது. நாமாக வெளியே ஒரு காப்பகத்தை இணைக்காதவரை, பதிவு செய்யும் ஒவ்வொரு புள்ளியும் படமும் குழுவில் சேர்ந்தவர்களின் போன்களிலும் கணினிகளிலும் மட்டுமே இருக்கும். பழங்குடி ஊர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதற்கான முதல் காரணம் அதுதான். இதில் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கும் அதுதான் காரணம்.

இலவசமான, திறந்த மூல ஆப் இது. ஆண்ட்ராய்டு போனிலும் கணினியிலும் ஓடும். ஈக்வடாரின் வவோரானி மக்களோடு சேர்ந்து டிஜிட்டல் டெமாக்ரசி அமைப்பு (இன்றைய பெயர் அவானா டிஜிட்டல்) உருவாக்கிய மாப்பேயோ ஆப்பின் அடுத்த வடிவம். பழைய மாப்பேயோவும் புதிய கோமாப்பேயோவும் ஒன்றோடொன்று தரவு பரிமாறாது. எனவே குழுவில் எல்லோரும் ஒரே ஆப்பை, முடிந்தால் ஒரே பதிப்பை வைத்துக்கொள்ள வேண்டும். 2019 ஏப்ரல் 26-ல் வவோரானிகள் தங்கள் காட்டில் எண்ணெய் எடுக்கும் திட்டத்துக்கு எதிராக வழக்கில் வென்றார்கள். ஆனால் அந்த வழக்கின் மையம், 2012-ல் அரசு நடத்திய கருத்துக் கேட்பு முறையாக நடக்கவில்லை என்பது. அவர்கள் தங்கள் காட்டுக்கு வரைந்த வரைபடம் அதற்குத் துணை நின்றது. வரைபடம் இருந்தாலே உரிமை வந்துவிடும் என்று யாரும் ஊரில் போய்ச் சொல்லக் கூடாது.

காட்டில் வாழும் மக்களின் உரிமைகளை ஏற்கும் நம் வன உரிமைச் சட்டம், 2006-ம் அதே கோணத்தில்தான் பார்க்கிறது. செயற்கைக்கோள் படமும் தொழில்நுட்பமும் பிற சான்றுகளுக்குத் துணையாகலாம், மாற்றாகாது என்று 2012-ல் திருத்தப்பட்ட விதிகள் சொல்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்குவது, இடுகாடு, கோயில், பழைய கிணறு போன்ற தடங்களைக் காட்டுவது எல்லாம் சான்றே. இந்தத் தடங்களைப் படத்தோடும் இடத்தோடும் திரட்டுவதில் கோமாப்பேயோ நன்றாகவே கைகொடுக்கிறது.

வேலையைத் தொடங்குவது எளிது. ஒருவர் ஆப்பில் குழுவுக்கான திட்டத்தை உருவாக்கி ஒருங்கிணைப்பாளர் ஆகிறார். மற்றவர்களை அழைக்க, எல்லாப் போன்களும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், இன்டர்நெட் தேவையில்லை. பவர் பேங்கில் ஓடும் ஒரு சின்ன ரவுட்டர் வாங்கிவிடுங்கள். போன் ஹாட்ஸ்பாட் சிலவற்றில் வேலை செய்யும், சிலவற்றில் ஒன்றை ஒன்று கண்டுபிடிக்காது. விடுதி, அலுவலக வைஃபைகளிலும் இதே தொல்லை வரும். அங்கே இணைந்துள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள்.

பின்னணி வரைபடத்தை இன்டர்நெட் இருக்கும் இடத்திலேயே எஸ்எம்பி கோப்பாக (இன்டர்நெட் இல்லாமல் திறக்கும் வரைபடக் கோப்பு) தயாரித்து ஏற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும். ஜூம் அளவு ஒவ்வொன்று கூடும்போதும் வரைபடத்தின் படக் கட்டங்கள் நான்கு மடங்காகும். ஓர் ஊரின் காட்டுக்கு 15, 16-க்கு மேல் போனால் போனின் இடம்தான் வீணாகும்.

பதிவு வகைகளை ஊரே முடிவு செய்யலாம் என்பது இந்த ஆப்பின் அருமையான அம்சம். கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர்கள் தங்கள் புனித இடங்களை தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி என்று பிரிப்பார்கள். கல்லுகுடி இடுகாட்டுக் கல், அப்பி நீர்நிலை. ஆப்போடு வரும் பொது வகைகளில் இவை எதுவும் அடங்காது. வகைப் பெயர்களை ஊர்ப் பேச்சிலேயே, படிக்கத் தெரியாதவர்க்கும் புரியும் சின்னங்களோடு அமைக்கலாம். ஆனால் அந்த வகைக் கோப்பைச் செய்ய கணினி பழகிய ஒருவர் உட்கார வேண்டும். கடுக்காய், நெல்லி, சீயக்காய், தேன்பாறை ஆகியவற்றைத் தனித்தனி வகையாக வைத்தால் நல்லது. உரிமை கிடைத்த பிறகு எந்தப் பக்கம் இந்த ஆண்டு எடுப்பது, எதை விட்டுவைப்பது, விற்பனைக்கு எவ்வளவு வரும் என்று திட்டமிட அதே வரைபடம் உதவும்.

காட்டுக்குள் அதிகம் கோட்டை விடுவது ஜிபிஎஸ்ஸில்தான். இன்டர்நெட் இல்லாத இடத்தில் போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்க சில நிமிடம் ஆகும். திறந்த வெளியில் நின்று, திரையில் தெரியும் துல்லிய அளவு குறையும்வரை பொறுத்துவிட்டு உள்ளே நடங்கள். பேட்டரி சேமிப்பை அணைக்காவிட்டால் நடைபாதைப் பதிவு பாதியில் நின்றுவிடும், அது ஊர் திரும்பிய பிறகுதான் தெரியும். அடர்ந்த மரநிழலில் 10 மீட்டர் பிழை சாதாரணம். ஊரே சேர்ந்து காட்டுக்குக் கேட்கும் சமூக வன வள உரிமைக்கு அது பெரிதல்ல. தனிநபர் நிலத்துக்கு அது பெரிது. 200 மீட்டர் பக்கமுள்ள சதுரம் 4 ஹெக்டேர், தனிநபர் உரிமையின் உச்சவரம்பும் அதுதான். நான்கு பக்கமும் 10 மீட்டர் வெளியே தள்ளினால் 4.84 ஹெக்டேர் என்று காட்டும். தனிநபர் மனுவுக்கு இதை மட்டும் நம்பாதீர்கள்.

இன்னொரு குறை, ஆப்பில் புள்ளியும் பாதையும் உண்டு, பரப்பு வரைய வழியில்லை. ஜியோஜேசன் என்ற வரைபடத் தரவுக் கோப்பாக ஏற்றுமதி செய்து, கணினியில் வரைபடம் வரையும் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் எல்லையை மூட வேண்டும். அங்கே பரப்பளவு கணக்கிட, இடத்துக்கேற்ற ஆயத்தொலை முறையின் எண்ணைத் தேர வேண்டும்: நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் இபிஎஸ்ஜி 32643, கிழக்கு தீர்க்கரேகை 78 டிகிரியைத் தாண்டிய சவ்வாது, கல்வராயன் மலைகளுக்கு 32644.

இனி மைய சர்வர் இல்லாததன் விலை. ஆப்பை நீக்கினால் அந்தப் போனில் இருந்த, பரிமாறப்படாத தரவு போயே போச்சு. கடவு எண்ணை மறந்தாலும் ஆப்பை நீக்கி மறுபடி நிறுவுவதுதான் வழி. ஒரே ஒருங்கிணைப்பாளரின் போன் ஆற்றில் விழுந்தால், அதன்பின் புது ஆளை யாரும் சேர்க்க முடியாது. முதல் நாளே இருவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்குங்கள். அதில் ஒருவராவது ஊர்க்காரராக இருக்கட்டும், வெளியிலிருந்து வரும் தொண்டு நிறுவன ஊழியர்கள் மட்டும் போதாது. ஒவ்வொரு மாலையும் எல்லாப் போன்களையும் கூட்டிப் பரிமாறிவிட்டுத்தான் கலைய வேண்டும். ஆப்பின் செட்டிங்ஸில் முழு அளவுப் படங்களும் பரிமாறப்படும்படி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிறு அளவு மட்டும் தேர்ந்திருந்தால் மூலப் படம் எடுத்தவர் போனோடு நின்றுவிடும்.

பரிமாறியதைத் திரும்பப் பெறவும் முடியாது. நீக்கிய பதிவு பட்டியலிலிருந்து மறையும், ஆனால் பிற போன்களின் பதிவேட்டில் அதன் தடம் இருக்கும். எனவே வெளியாருக்குக் காட்டக் கூடாத குலதெய்வ இடம், அரிய மூலிகை இருக்கும் இடம் ஆகியவற்றைப் பதியலாமா என்பதை நடைக்கு முன்பே ஊர்ப் பெரியவர்களோடு பேசி முடித்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு கிராம சபையில் விரியுங்கள். உறுப்பினர்களில் பாதிப்பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். விறகும் கிழங்கும் எடுக்கப் பெண்கள் போகும் பாதைகள் விடுபட்டிருந்தால் அங்கேதான் தெரியவரும். பென்சிலால் தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் போனோடு அந்தப் பாதையை நடந்து சேருங்கள். பிறகு சமூக வன வள உரிமை மனுவான படிவம் சி-யோடு இணைக்கலாம்.