நகம் வைத்துத் தோல் மடிப்பைப் பிடிக்கிற மசாஜ் வகுப்பு: கைக்குச் சரி, கழுத்துக்கு வேண்டாம்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் 18 வருடமாக ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறேன். ஒன்றரை ஷிப்ட் முடித்துப் பொழுதோட வீட்டுக்கு வந்தால் விரல் மடிப்பெல்லாம் இறுகிக் கிடக்கும், கட்டைவிரல் அடியில் குடைச்சல் வேறு. பக்கத்து லைன் வீட்டு அக்கா கூப்பிட்டதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த வகுப்புக்குப் போனேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கானது, 2 மணி நேரம், 300 ரூபாய்.

முதல் அரை மணி நேரம் நகம் வெட்டி, ராவி, சோப்புப் போட்டுக் கழுவுவது மட்டும்தான், எனக்கு அதுவே பிடித்துப் போனது. அப்புறம் ஒரு கையின் கட்டைவிரல் நகத்தாலும் ஆள்காட்டி விரல் நகத்தாலும் மற்றக் கையின் தோலை மெல்லிய மடிப்பாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும், கிள்ளக் கூடாது, மூன்று எண்ணி விட்டுவிட்டு ஒரு நெல்லளவு தள்ளி அடுத்த இடம். எண்ணெய் தடவினால் வழுக்கும், அதனால் கடைசியில்தான். தோல் தொளதொளவென்று இருக்கிற புறங்கையில் ஆரம்பித்து மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, விரல் கணு என்று போனோம். "கையை லூசா உடுங்க அம்மிணி" என்று சொல்லிச் சொல்லி, வகுப்பு எடுத்தவர்கள் ஒவ்வொருவரிடமும் பொறுமையாக வந்து பார்த்தார்கள். பிறை மாதிரி ஒரு தடம் விழும், சில நிமிடத்தில் மறைந்துவிட வேண்டும், மறையாவிட்டால் அழுத்தம் அதிகம்.

சித்த வைத்தியத்தில் தொக்கணம் என்கிற மசாஜில் தட்டல், இறுக்கல், பிடித்தல் என 9 வகை சொல்வார்கள், இதையும் அதில் சேர்த்துப் பேசினார்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. சீனத்துத் துய்னா மசாஜ் முறையில் நகத்தால் அழுத்துகிற வழக்கம் உண்டு, இது அதற்குத்தான் கிட்ட.

வருத்தம் இரண்டு. கழுத்தின் முன்பக்க மடிப்பிலும் செய்யச் சொன்னார்கள், ரத்தக்குழாய் ஓடுகிற இடம் அது, அழுத்தினால் மயக்கமே வரலாம். இதனால் சர்க்கரை குறையும் என்றும் சொன்னார்கள். எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி குறைவு, நகம் கீறினாலும் தெரியாது, புண்ணானால் ஆற மாதக்கணக்கு ஆகும், அவங்களை மாதிரி ஆட்களிடம் இப்படிச் சொல்லவே கூடாதுங்க. அக்குள், தொடை இடுக்கு மாதிரி வேர்க்கிற மடிப்புகளையும் விட்டுவிடுங்கள், படர்தாமரை இருந்தால் நகமே பரப்பிவிடும்.

3 வாரமாகப் படுக்கும் முன் 10 நிமிடம் செய்கிறேன். குடைச்சல் போகவில்லை, ஆனால் விரல் இளகித் தூக்கம் சீக்கிரம் வருகிறது, எனக்கு அது பெரிய விஷயம். ராத்திரியில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப் போகிறவர்கள் இதை நம்பி நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக இருக்கலாம். போகிறவர்கள் சொந்த நெயில் கட்டரைக் கையோடு கொண்டு போங்கள், அங்கே 14 பேருக்கும் ஒன்றுதான் இருந்தது.