மூன்று ஆண்டுகள், இரண்டு சேணங்கள், ஒரு குதிரை

மைனாவின் முதுகில், தோள் எலும்புக்குச் சற்றுப் பின்னால், இருபுறமும் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளை முடித் திட்டு இருக்கிறது. அவள் செம்பழுப்புக் குதிரை. அந்த வெள்ளை பிறவியில் வந்ததில்லை. என் முதல் சேணம் குத்திய முத்திரை அது. அழுத்தத்தில் மயிர்க்கால் கெட்டுப்போனால் அங்கே முளைக்கும் முடி வெள்ளையாகத்தான் வரும். பெரும்பாலும் பழைய நிறத்துக்குத் திரும்பாது.

கிண்டி ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற, பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனப் பெண்குதிரை. கோவைக்குப் பக்கத்தில் ஒரு லாயத்தில் வைத்திருக்கிறேன். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் உள்ள எலும்பு மேட்டை விதர்ஸ் என்பார்கள். வந்த புதிதில் மைனாவுக்கு அது கூரை முகடு போல உயர்ந்து, இருபுறமும் தசை வற்றிக் குழி விழுந்திருந்தது. அதையெல்லாம் நான் பார்க்கவே இல்லை. கடையில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன், எனக்கு இதமாக இருந்தது, 22,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய சேணத்தைத் தூக்கி வந்துவிட்டேன். "எந்தக் குதிரைக்கும் பொருந்தும்" என்றார் விற்றவர். எந்தக் காலுக்கும் பொருந்தும் என்று ஒருவர் செருப்பு விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். இங்கே தலையாட்டினேன்.

அது அவளுக்கு அகலம். முன்பக்கம் தாழ்ந்து விதர்ஸைத் தொட்டது. அடியில் கனமான மெத்தை ஒன்று போட்டேன், பிறகு இன்னொன்று. ஆறு மாதத்தில் நல்ல தீனியும் பயிற்சியும் சேர்ந்து அவள் முதுகில் தசை ஏறியது. நானோ மெத்தைகளை எடுக்கவில்லை. இறுகிய ஷூவுக்குள் இரண்டு ஜோடி காலுறை போட்ட கதை. வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது காதை மடக்கிக்கொண்டு என் தோளைக் கடிக்க வந்தாள். ட்ராட்டில், அதாவது நடைக்கும் பாய்ச்சலுக்கும் இடைப்பட்ட ஓட்டத்தில், அடி குறுகியது. பந்தயக் குதிரைக் கோபம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். லாயத்துக் குதிரைக்காரர்தான், "சார், இவளுக்குத் திமிர் இல்லை. எங்கோ வலிக்கிறது" என்றார். அந்த வாரம் நான் செய்தது, மூன்றாவது மெத்தைக்கு விலை விசாரித்தது.

சேணம் பொருத்துபவர் ஒருவர் பெங்களூரிலிருந்து வந்தார். வந்தவர் என் சேணத்தைத் தொடவே இல்லை. சாக்பீஸால் தோள் எலும்பின் பின்விளிம்பைக் கோடிட்டார், கடைசி விலா எலும்பை விரலால் தடவிப் பிடித்து அங்கும் ஒரு கோடு. இந்த இரண்டுக்கும் நடுவேதான் சேணம் சுமையை இறக்க வேண்டும். பிறகு பையிலிருந்து எடுத்தது, படம் வரைபவர்கள் வளைகோடு போடப் பயன்படுத்தும் வளையும் அளவுகோல். அதைத் தோளுக்குப் பின்னால் முதுகின் குறுக்கே அழுத்தி வளைத்து, வடிவம் கலையாமல் தூக்கி, சார்ட் தாளில் வைத்துப் பென்சிலால் வரைந்து தேதி போட்டார். இடது தோள் வலதைவிடப் பருத்திருப்பது அந்தக் கோட்டில் பளிச்சென்று தெரிந்தது.

அதன் பிறகுதான் சேணம், மெத்தை இல்லாமல். அடியில் கையை விடச் சொன்னார். முன்னால் விரல் நுழையவில்லை, நடுவில் கை தாராளமாகப் போனது, பின்னால் மறுபடி இறுக்கம். பாலம் மாதிரி நடுவில் தொங்கிக்கொண்டு, என் 78 கிலோவும் நான்கே இடத்தில் இறங்கியிருக்கிறது.

அடுத்து என் முறை. எனக்குத் தொடை நீளம். 17 அங்குல இருக்கையில் என் முழங்கால், சேணத்தின் பக்கவாட்டில் தொங்கும் தோலைத் தாண்டி நின்றது. கால் வைக்கும் வளையமான அங்கவடி முன்தள்ளித் தொங்கியதால் நாற்காலியில் அமர்வதுபோல் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்கூட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த என் இடுப்பு வலிக்கு விடை கிடைத்தது. 17.5 அங்குலம் வேண்டும் என்றார். 18 கேட்டேன். "உங்களுக்குச் சரி, அவள் முதுகு அவ்வளவு நீளம் இல்லை" என்றார்.

இரண்டாவது சேணம் கான்பூரில் செய்தது. 68,000 ரூபாய். கம்பளி திணித்தது, முன்பக்க இரும்புத் தகட்டை மாற்றி அகலத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டரை ஆண்டாக இதில்தான் ஓட்டுகிறேன். புதுக் கம்பளி அமுங்கும் என்று முன்பே சொன்னார்கள், நான்காவது மாதமே இடப்பக்கம் அமுங்கியது. திணித்துச் சரிசெய்தோம். எட்டாவது மாதம் தகட்டை ஒரு அளவு அகலமாக்கினோம். தகடு மாறினால் முன்பக்க அகலம்தான் மாறும். முதுகின் நீளவாட்டு வளைவுக்கு அதனால் பயன் இல்லை. விளம்பரங்கள் இதை மட்டும் மெல்ல விழுங்கிவிடுகின்றன. தரையிலிருந்து தாவி ஏறுவதையும் விட்டேன். தினமும் இடப்பக்கம் தொங்கி ஏறினால் சேணத்தின் சட்டமே முறுக்கிக்கொள்ளும். இப்போது மரப்படி வைத்து ஏறுகிறேன், லாயத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. ஐப்பசி மழையில் ஒரு வாரம் துடைக்காமல் விட்டால் தோலில் பூஞ்சை. தகட்டுத் திருகு துருப்பிடித்து ஒருமுறை அரைநாள் தின்றது. பொருத்துபவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் இந்தப் பக்கம் வருகிறார், வரும் செலவைப் பங்குபோட இன்னும் மூன்று குதிரைக்காரர்களைத் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் கடிப்பது நின்று இரண்டு ஆண்டு ஆகிறது. இறுக்கும்போது இப்போது வைக்கோலை மென்றுகொண்டு நிற்கிறாள்.

ஓட்டி முடித்ததும் சேணத்தைக் கழற்றி வியர்வைத் தடத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முதுகெல்லாம் நனைந்திருக்க ஒரு இடம் மட்டும் உலர்ந்திருந்தால், அங்கே அழுத்தம் மிகுதி, இல்லையென்றால் சேணம் அங்கே படவே இல்லை. போன செவ்வாய்க்கிழமை இடது தோளுக்குப் பின்னால் உள்ளங்கை அளவு உலர்ந்திருந்தது. சார்ட் தாளை விரித்து நானே புதுக் கோடு வரைந்தேன். ஐந்து தேதிகள், ஐந்து கோடுகள். ஆறாவது, போன தடவைக் கோட்டுக்கு வெளியே அரை விரல் தள்ளி ஓடுகிறது. பெங்களூருக்குப் போன் செய்திருக்கிறேன். அவர் வரும்வரை மைனாவுக்கு வெறும் நடைதான், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்.