எம்.எஸ்சி. பயிர் நோயியல் எடுக்கலாமா? படித்து முடித்தவன் சொல்கிறேன்

பி.எஸ்சி. அக்ரி கடைசி வருடத்தில் இருப்பவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான், பி.ஜி.க்குப் பேத்தாலஜி எடுக்கலாமா, இல்லை வேறு டிபார்ட்மென்ட் பார்க்கட்டுமா என்று. செடியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதில் ஆசை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னதை நம்பி எடுக்காதீர்கள். இந்தப் படிப்புக்கு நான் போடும் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. தமிழ்நாட்டில்தான் படித்தேன், கல்லூரிப் பெயர் வேண்டாம், சொன்னால் பேச்சு அதைச் சுற்றியே போய்விடும்.

முதலில் அமைப்பு. ஐ.சி.ஏ.ஆர். (இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம்) போட்டுக்கொடுத்த பாடத்திட்டம்தான், மொத்தம் 70 கிரெடிட், அதில் தீசிஸ் என்கிற ஆய்வேடு மட்டும் 30. மீதியில் மேஜர் 20, மைனர் 8, பிறகு சப்போர்டிங், பொதுப்பாடம், ஒரு செமினார். நான்கு செமஸ்டர் என்று பேப்பரில் இருக்கிறது, ஆனால் பாடங்களெல்லாம் முன்பாதியிலேயே நெருக்கிக்கொண்டு நிற்கும், பின்பாதி முழுக்க நீங்களும் உங்கள் தீசிசும் அதற்கு வழிகாட்டும் பேராசிரியரான சேர்மனும்தான்.

மைக்காலஜி, அதாவது பூஞ்சாணவியல், என்றால் எல்லோருக்கும் பயம். பயப்படவேண்டியதுதான், பெயர்கள் அப்படி. நெல் குலை நோய்ப் பூஞ்சாணத்தை ஒரு புத்தகம் பைரிகுலேரியா என்னும், இன்னொன்று மேக்னபோர்த்தே என்னும், பால்வழி இனப்பெருக்க நிலைக்கு ஒரு பெயர், மற்ற நிலைக்கு ஒரு பெயர் என்று இருந்த வழக்கத்தை 2011இல் மெல்போர்ன் மாநாட்டில் முடித்துவைத்தார்கள், ஆனாலும் பழைய புத்தகத்தில் படித்த சீனியரின் நோட்ஸை வாங்கிப் படித்தால் இரண்டையும் மனப்பாடம் செய்தே ஆகவேண்டும். இருந்தாலும் இந்தப் பாடத்தைத் திட்ட மனம் வரவில்லை. தக்காளி நாற்றங்காலில் நாற்றழுகல் வந்தால் கடையில் சட்டென்று எடுத்துக் கொடுப்பது கார்பென்டசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி. நாற்றழுகலுக்குப் பெரும்பாலும் காரணம் பித்தியம். பித்தியம் உண்மையான பூஞ்சாணமே இல்லை, ஊமைசீட்ஸ் என்கிற வேறு வம்சம், கார்பென்டசிமுக்கு அது அசையாது. மெட்டலாக்சில் மாதிரி ஒன்று வேண்டும். இந்த ஒரு விஷயம் புரிந்ததும் வகைப்பாட்டியல் எதற்கு என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. விவசாயி காசு கொடுத்து வாங்கி ஊற்றுகிற மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்பதே அதில்தானே இருக்கிறது.

லேப் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. உருளைக்கிழங்கு 200 கிராம் வேகவைத்து வடித்த சாறு, டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகார் 20 கிராம், லிட்டருக்கு நிரப்பி, ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம். பி.டி.ஏ. என்கிற இந்த மீடியத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். நோய்ப்பட்ட இலையில் நடுவே செத்துப்போன திசுவை எடுக்கக்கூடாது, புள்ளியும் பச்சையும் சேர்கிற ஓரத்தில்தான் பிளேடு வைக்கவேண்டும், கிருமி உயிரோடு முன்னேறிக்கொண்டிருப்பது அங்கேதான். சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, ஹைப்போகுளோரைட்டில் கொஞ்ச நேரம் போட்டு, சுத்தமான தண்ணீரில் மூன்று முறை அலசி, வடிதாளில் ஒற்றி, லேமினாருக்குள் (வடிகட்டிய காற்று வீசும் பெட்டி) பிளேட்டில் வைக்கவேண்டும். இரண்டு நாளில் துண்டைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு கிளம்பும். அல்லது பிளேட் முழுக்கக் கறுப்புப் பொடியாக ஆஸ்பெர்ஜில்லஸ் உட்கார்ந்திருக்கும். அல்லது ரைசோபஸ் மூடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். நடுவில் கரன்ட் போய் லேமினார் நின்றுவிட்டால் அன்றைய பிளேட்டுகளுக்குக் கும்பிடு போட்டுவிடலாம். பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்திலேயே கழன்றுகொள்வார்கள். பிரித்தெடுத்ததோடு முடியாது, அதை நல்ல செடியில் ஏற்றி, அதே நோய் வருகிறதா பார்த்து, திரும்பவும் பிரித்தெடுத்து, அதே கிருமிதான் என்று காட்டவேண்டும். இவைதான் கோக்கின் விதிகள். துரு நோய், சாம்பல் நோய், வைரஸ் எடுத்தவர்களுக்கு இந்தப் பிளேட் வசதியும் இல்லை, உயிருள்ள செடியில்தான் வைத்து வளர்க்கமுடியும், ஆகவே லீவுக்கு ஊருக்குப் போகும்போதும் கண்ணாடிக்குடிலில் தண்ணீர் ஊற்ற யாரையாவது பிடித்து வைத்துவிட்டுத்தான் போகவேண்டும்.

அப்புறம் வயல். இந்தப் படிப்பு உங்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய திறமை "இது நோயே இல்லை" என்று தைரியமாகச் சொல்வது. மிளகாய் இலை சுருண்டுவிட்டது என்றால் எல்லோரும் வைரஸ் என்பார்கள். மேல்பக்கமாகச் சுருண்டிருந்தால் இலைப்பேனாக இருக்கலாம், கீழ்ப்பக்கமாக மடிந்து காம்பு நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தியாக இருக்கலாம், செடியே குட்டையாகி இலை சிறுத்து நரம்பு தடித்து வெள்ளை ஈயும் இருந்தால் அப்போது வைரஸை யோசிக்கலாம். பருத்தி இலை விரல் விரலாக நீண்டு ஒடுங்கியிருந்தால் பக்கத்து வயலில் 2,4-டி அடித்தார்களா என்று முதலில் கேட்கவேண்டும், களைக்கொல்லி காற்றில் வந்து பட்டாலே பருத்தி அப்படி ஆகிவிடும். கத்தரியோ தக்காளியோ பச்சையாக இருக்கும்போதே வாடினால் தண்டை அறுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடித்தால் போதும், சில நிமிடத்தில் பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். இறங்காமல் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் ஃபுசேரியம் என்ற பூஞ்சாணத்தைச் சந்தேகிக்கலாம். கரும்பை நெடுக்கப் பிளந்து, சிவப்பு சதைக்கு நடுவில் குறுக்கே வெள்ளைத் திட்டுகளும் புளித்த சாராய வாடையும் இருந்தால் செவ்வழுகல். உத்தரப் பிரதேசத்தில் பெரும் பரப்பில் நட்ட கோ 0238 ரகத்தைச் சாய்த்தது இதே நோய்தான். இதற்கெல்லாம் கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். மெஷின் வேண்டாம், கண்ணும் மூக்கும் ஒரு கத்தியும் போதும்.

குறைத்த ஒன்றரை இங்கேதான். இவ்வளவு பயனுள்ள இந்தப் பகுதிக்கு நான் படித்த இடத்தில் மதிப்பெண்ணே கிடையாது என்கிற அளவுக்குத்தான் இடம். பரீட்சையில் கேட்டது அறிவியல் பெயர், யார் எந்த வருடம் கண்டுபிடித்தார், கோனிடியா என்கிற பூஞ்சாண வித்துக்கு எத்தனை தடுப்புச் சுவர். வயலுக்குக் கூட்டிப்போக வண்டி கிடைப்பது பெரும்பாடு. விவசாயிகள் மாதிரி கொண்டுவருவார்கள், பாலிதீன் பையில் ஈரத்தோடு கட்டி, பஸ்ஸில் பாதி நாள் வெந்து, எங்கள் மேஜைக்கு வரும்போது உண்மையான கிருமி எது, அழுகலில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது எது என்றே தெரியாது. பேப்பரில் சுற்றிக் கொண்டுவாருங்கள் என்று ஒரு போர்டு மாட்டக்கூட யாருக்கும் தோன்றவில்லை. தீசிஸ் தலைப்பு நம் விருப்பம் என்பது பேச்சுக்குத்தான், சேர்மனிடம் என்ன ப்ராஜெக்ட் ஓடுகிறதோ அதில் ஒரு துண்டு நமக்கு. பி.சி.ஆருக்கு வேண்டிய பிரைமர் என்ற சிறு டி.என்.ஏ. துண்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டு அது வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்த காலத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான்.

வரலாற்றுப் பகுதியைப் பலர் தூங்கிக்கொண்டே கடப்பார்கள், எனக்குப் பிடித்தது. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய காப்பித் துரு நோய் அந்தத் தீவின் காப்பியையே ஒழித்துத் தேயிலைக்கு வழிவிட்டது. ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்டு 1880இல் அங்கே போய் ஆராய்ந்தார். மலையகத் தமிழர்களை முதலில் கொண்டுபோனது காப்பித் தோட்டங்களுக்குத்தான் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பாடத்தைப் படித்துப் பாருங்கள், ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற அந்தத் துருப் பூஞ்சாணத்தின் பெயர் மனப்பாடம் செய்யாமலே நிற்கும். நம் பக்கத்திலும், சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் டி.எஸ். சதாசிவன் காலத்தில் மண்வழி ஃபுசேரியம் வாடலில் பெரிய வேலை நடந்திருக்கிறது. இதை வகுப்பில் சொல்வதற்கு ஏன் நேரம் கிடைப்பதில்லையோ.

வேலை. டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலருக்கு பி.எஸ்சி.யே போதும், அதற்காக இரண்டு வருடம் செலவழிக்கவேண்டாம். கே.வி.கே. எனும் வேளாண் அறிவியல் நிலையத்தில் பாட வல்லுநர் பணிக்கு பி.ஜி. வேண்டும். ஆராய்ச்சி, ஆசிரியர் வேலை என்றால் பிஎச்.டி. வரைக்கும் மனதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். பூஞ்சாணக்கொல்லி கம்பெனிகள், விதை நலப் பரிசோதனை, தாவரக் குவாரன்டைன் எல்லாம் உண்டு, கதவு அகலமில்லை. காளானும் நம் துறையின் கீழ் வருவதுதான், பால் காளான் வித்துப் போட்டு விற்றுச் சம்பாதிக்கிறவர்களைப் பார்க்கிறேன், அவர்கள் என்னைவிட நிம்மதியாக இருக்கிறார்கள்.

சேர்வதென்று முடிவானால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்கு ஒரு சேர்மனை ஒதுக்கித் தரும் முன்பே அந்த டிபார்ட்மென்ட் சீனியர்களிடம் யாரிடம் எந்தக் கிருமி, மாணவர் தீசிஸ் நேரத்துக்கு முடிகிறதா என்று டீ வாங்கிக் கொடுத்தாவது விசாரித்துவிடுங்கள். கல்லூரி எது என்பதைவிட அது முக்கியம். மண்வழிப் பூஞ்சாணம் கிடைத்தால் சட்டியில் வைத்துச் சமாளிக்கலாம். வாழையில் வேலை என்றால் திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்தோடும், கரும்பு என்றால் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தோடும் சேர்ந்து செய்ய வாய்ப்பிருக்கிறதா என்று கேளுங்கள். நெல் குலை நோய் என்றால் முதல் வருடமே சர்வே போய்விடுங்கள், சேர்மன் பிறகு பார்க்கலாம் என்றாலும் கேட்காதீர்கள். அதற்குக் குளிர்ந்த இரவும் பனியும் வேண்டும், மூன்றாவது செமஸ்டரில் அந்தப் பருவம் ஏமாற்றிவிட்டால் அடுத்த பனி இறங்குவதற்குள் உங்களுக்கு வைவா தேதி வந்துவிடும்.