நானியர் பேக்கேஜ்: பிடிஎல்-லும் உடைந்த பாட்டிலும் ஒரே கறுப்பா?

கிணற்று நீர் சாம்பிள் டேட்டாவில் எது எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்க்க, புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் நிரல் மொழியின் நானியர் பேக்கேஜ் சரிவருமா என்று நண்பர் கேட்டார். எப்படிப் போடுவது, ஓட்டுவது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எனக்கு நாள்தோறும் உறுத்துவதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பிடித்தது: ஜியோம்_மிஸ்_பாயிண்ட் என்ற அதன் புள்ளி வரைபடக் கட்டளை. சாதாரணப் புள்ளி வரைபடம் மதிப்பில்லாத வரிசையைத் தூக்கிவிடும். இது தூக்காமல், குறைந்தபட்ச மதிப்புக்கும் கீழே, வீச்சில் 10 சதவீதம் தள்ளி, வேறு நிறத்தில் வைக்கும். ஆரோடு வரும் 1973 நியூயார்க் காற்றுத் தர டேட்டாவில், ஓசோனை ஓர் அச்சிலும் சூரியக் கதிர்வீச்சை மறு அச்சிலும் போட்டுப் பாருங்கள். 153 நாளில் ஓசோன் 37 நாள் இல்லை, சூரியக் கதிர்வீச்சு 7 நாள் இல்லை. இரண்டுமே இல்லாத 2 நாள் இடது கீழ் மூலையில் தனியாக நிற்கும். ஓசோன் அளக்காத நாட்களில் வெயில் எப்படி இருந்தது என்பதும் ஓரத்திலேயே தெரியும். அருமையான வேலை.

இப்போது கோபம். எங்கள் சாம்பிள் அட்டவணையின் ஆர்சனிக் பத்தியில் (நெடுவரிசையில்) மூன்று வகை "இல்லை" உண்டு: பாட்டில் உடைந்தது, சோதனையே கேட்காதது, கருவி கண்டறியும் வரம்புக்குக் கீழே என்பதால் பிடிஎல் என்று எழுதியது. பிடிஎல் காலி இல்லை, அது முடிவு. அப்படியே விட்டால் பத்தி முழுக்க எழுத்தாக மாறி, அந்த இடங்களில் எதுவும் விடுபடவில்லை என்று விஸ்_மிஸ் சாம்பல் பூசுகிறது (இருப்பதைச் சாம்பலாகவும் இல்லாததைக் கறுப்பாகவும் முழு அட்டவணையையும் படமாக்கும் கட்டளை அது). என்ஏ (மதிப்பு இல்லை என்பதற்கு ஆர் வைக்கும் குறி) ஆக மாற்றினாலோ, சுத்தமான கிணறெல்லாம் உடைந்த பாட்டிலோடு சேர்ந்து கறுப்பாகிறது. அந்தப் படத்தைப் பார்த்த அதிகாரி, "இத்தனை சோதனையை ஏன் விட்டீங்க?" என்று பரிசோதகரைக் கேட்டார். எல்லாச் சோதனையும் செய்த பெண் அவர்.

நான் புகழ்ந்த அந்தப் புள்ளிப் படத்திலும் இதே சிக்கல். பிடிஎல் சாம்பிளைக் கீழே வைப்பது கிட்டத்தட்ட உண்மை. உடைந்த பாட்டில் எந்த அளவாகவும் இருந்திருக்கலாம், அதுவும் கீழேயே உட்காருகிறது. பார்ப்பவர் குறைவு என்றுதான் படிப்பார்.

நியாயமாகச் சொன்னால் வழி இருக்கிறது. ஒவ்வொரு மதிப்பும் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும் நிழல் பத்தி சேர்த்து, ரீகோட்_ஷேடோ என்ற கட்டளை மூலம் காரணத்துக்கு ஒரு குறி கொடுக்கலாம். ஆனால் விஸ்_மிஸ் அந்தக் குறியைக் கண்டுகொள்வதில்லை. நிறம் பிரிக்க ஒவ்வொரு முறையும் நாமே ஜிஜிபிளாட்டில் (ஆரின் படம் வரையும் பேக்கேஜ்) எழுத வேண்டும்.

இதைவிட நல்லது என் கண்ணில் படவில்லை, என் கணினியிலிருந்து எடுக்கவும் மாட்டேன். ஆனாலும் நண்பரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். முதலில் லேபில் காரணத்துக்கென்று தனிப் பத்தி திறக்கச் சொல்லுங்கள். அதுவரை பிடிஎல் எத்தனை, உடைந்தது எத்தனை, கேட்காதது எத்தனை என்று சின்ன அட்டவணை போட்டு அதையே அதிகாரிக்கு அனுப்புங்கள்.