மந்திரத்தை யார் பேரில் பற்று எழுதுவது? பாட்டர், பெர்சி, எர்த்ஸீ

தங்கச்சி மகளுக்கு 13 வயது நிறைந்தது. “அம்மான், இந்தத் தடவை துணி வேண்டாம், புத்தக செட்டு வாங்கிக் குடுங்க” என்று போனில் உத்தரவு வந்தது. ஒரு செட்டுதான் என்று நானும் கறாராகச் சொன்னேன். அவள் கேட்டது ஹாரி பாட்டர், இல்லையென்றால் பெர்சி ஜாக்சன்; இரண்டும் ஆங்கில மந்திரக் கதைத் தொடர்கள். நடுவில் உர்சுலா லெ குவின் எழுதிய எர்த்ஸீ என்று அதே ரகத்தில் மூன்றாவதாக ஒன்றைச் செருகியது நான். பணம் கொடுக்கிறவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? கடைசியில் வாங்கியதும் அதுதான். ஆகவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை.

மற்ற இரண்டையும் இரவல் வாங்கிப் படித்தேன். எனக்கு வயது 52. பள்ளத்தூரில் வீடு, காரைக்குடியில் கணக்கு எழுதிப் பிழைப்பு. “பிள்ளைக புத்தகத்த வச்சுக்கிட்டு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் என்ன பண்றீக?” என்று வீட்டில் கேட்டார்கள். ராயவரத்து அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதினார். கணக்குப் பார்க்கிறவனுக்கும் பிள்ளைகள் புத்தகத்துக்கும் ஆகாது என்று எவரும் சொல்லிவிட முடியாது, அதுவும் நம் பக்கத்தில்.

வேகம், சிரிப்பு, கதாபாத்திரம், நட்பு என்றெல்லாம் வரிசை கட்டி மதிப்பெண் போடப் போவதில்லை. மூன்றிலுமே அவை உண்டு. பாட்டரில் பள்ளிக்கூடம் ருசி, பெர்சியில் வாய்த்துடுக்கு ருசி, எர்த்ஸீயில் கடல் ருசி. எனக்கு முடிவைத் தீர்த்துவைத்தது ஒரே ஒரு கேள்வி. மந்திரம் போட்டால் அதன் செலவை யார் பேரில் பற்று எழுதுகிறார்கள்?

இது தொழில் புத்தி. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக, முதலாளியின் ஏஜெண்டுக்கு உதவியாளாக, இருந்தவர். ஐந்தொகை எடுத்து வரவு செலவைச் சரிபார்க்கும்போது ஒரு தம்பிடி உதைத்தாலும், அதாவது ஒத்துவராமல் போனாலும், ராத்தூக்கம் கிடையாது என்பார். ஒரு பக்கம் வரவு வந்தால் இன்னொரு பக்கம் யாரோ கொடுத்திருக்கிறார்கள். சும்மா வந்தது என்று பேரேட்டில் எழுத இடமே இல்லை. 13 வயதில் படிக்கும்போது இதெல்லாம் தோன்றாது, தோன்றவும் வேண்டாம். 52-இல் படிக்கிறவனுக்குக் கதையில் கணக்கு உதைத்தால் பக்கம் நகராது.

ஹாரி பாட்டரில் உதைக்கிறது. ரௌலிங் 1997-இல் தொடங்கி 2007-இல் முடித்த 7 பாகம். லண்டன் பதிப்பில் முதல் பாகம் 223 பக்கம், ஐந்தாம் பாகம் 766 பக்கம். வளர்கிற பிள்ளைக்குப் பாவாடையின் மடிப்பைப் பிரித்துவிடுகிற மாதிரி புத்தகமும் கூடவே வளர்ந்திருக்கிறது. எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது பூதங்கள் நடத்தும் வங்கி. 29 நட் ஒரு சிக்கிள், 17 சிக்கிள் ஒரு கேலியன். நம் பழைய ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192. அவர்கள் கேலியனுக்கு 493 நட். ஐயா இருந்திருந்தால் மனக்கணக்கிலேயே வட்டி போட்டிருப்பார். ஹாரியின் மந்திரக்கோல் 7 கேலியன் என்று விலைகூட எழுதியிருக்கிறது.

கோலுக்கு விலை உண்டு, மந்திரத்துக்கு இல்லை. வங்கி இருக்கிறது, பேரேடு இல்லை. ஒரு சொல்லில் உடைந்த கண்ணாடி ஒட்டிக்கொள்கிறது, பாத்திரம் தானே துலக்கிக்கொள்கிறது. பிறகு ஏன் ஹாரியின் நண்பனான ரான் வீஸ்லியின் குடும்பத்தில் அத்தனை பிள்ளைகளும் அண்ணன் போட்ட பழைய அங்கியையே போடுகிறார்கள்? உணவை வெறுங்காற்றிலிருந்து உண்டாக்க முடியாது என்று ஒரு விதி ஏழாம் பாகத்தில் வருகிறது. ஆறு வருஷம் கடையை நடத்திவிட்டுக் கடைசி வருஷம் விலைப்பட்டியல் ஒட்டுகிற மாதிரிதான் எனக்குப் பட்டது. நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். கெட்ட மந்திரத்துக்கு அங்கே கணக்கு சுத்தமாக இருக்கிறது. கொலை செய்தால் ஆத்மா கிழிகிறது. யுனிகார்ன் ரத்தம் குடித்தால் பாதி உயிர்தான் மிஞ்சும், அதுவும் சாபத்தோடு. பிள்ளைக்காக உயிரைக் கொடுத்த தாயின் வரவுதான் 7 பாகத்துக்கும் கைமுதல். பெரிய தொகைகள் சரி, சில்லறைதான் உதைக்கிறது. சில்லறை உதைத்தால் ஆடிட்டர் பெரிய தொகையையும் சந்தேகப்படுவார்.

பெர்சி ஜாக்சன் வேறு ரகம். பழைய கிரேக்கச் சாமிகளுக்கும் மனுஷருக்கும் பிறந்த பிள்ளைகளின் கதை; பெர்சி அதில் ஒருவன். ரிக் ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கவும், ஒரு இடத்தில் உட்காரவும் சிரமப்பட்ட தன் மகனுக்குச் சொன்ன கதைதான் இது. அதனால் கதையில் எழுத்து தடுமாறுகிற பிள்ளைக்கு மூளை பழைய கிரேக்கத்துக்கு ஏற்றபடி அமைந்திருக்கிறது. துறுதுறுப்புதான் போர்க்களத்தில் அவனைக் காக்கிறது. வகுப்பில் திட்டு வாங்கிய எந்தப் பிள்ளையும் இதைப் படித்துவிட்டு நிமிர்ந்து உட்காரும். 2005-இலிருந்து 2009 வரை 5 பாகம். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு இதில் வியப்புக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ராத்திரி குதிரையில் எல்லை சுற்றிவரும் ஐயனாரைக் கேட்டு வளர்ந்தவளுக்கு நியூயார்க் கட்டடத்தின் 600-ஆவது மாடியில் கிரேக்கச் சாமிகளின் ராஜா ஜீயஸ் இருப்பதா பெரிசு?

கணக்கு என்று பார்த்தால் இங்கே நிலுவையில் நிற்பது மந்திரம் இல்லை, பெற்றவர்கள். சாமிகள் பிள்ளை பெற்றுவிட்டு எட்டிப் பார்ப்பதில்லை; அந்தப் பாக்கிதான் முழுக்கதையும். கடைசிப் பாகத்தில் பெர்சிக்குச் சாகாவரம் தருகிறோம் என்கிறார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 13 வயதுக்குள் எல்லாச் சாமிகளும் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் பிள்ளைகள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று தவணை வைக்கிறான். சபாஷ் என்றேன், வாய்விட்டு. ஆனால் அந்த இடத்துக்கு வர ஐந்து பாகத்தின் கிண்டலையும் தாங்க வேண்டும். எனக்கு மூன்றாம் பாகத்திலேயே அலுப்புத் தட்டியது. நான்காவதை ஓட்டமாகத்தான் படித்தேன், அதனால் அதைப் பற்றி என் பேச்சை ரொம்ப நம்ப வேண்டாம்.

எர்த்ஸீக்கு வருகிறேன். உர்சுலா லெ குவின், முதல் பாகம் 1968. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கதை வேண்டும் என்று ஒரு பதிப்பாளர் கேட்டதற்காக எழுதியது. முழுக்கத் தீவுகள். பிழைப்புக்காகக் கப்பலேறிக் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரனுக்கு அந்த வரைபடத்தைப் பார்த்ததுமே ஒரு ஒட்டுதல். நாயகன் பெயர் கெட். கெட்டவன் இல்லை, பெயரே அப்படி. நிறம் செம்பழுப்பு, அவன் நண்பன் கறுப்பு. அட்டைப்படம் பார்த்து இவன் யார் வீட்டுப் பிள்ளையோ என்று நினைக்க வேண்டியதில்லை.

முதல் அத்தியாயத்திலேயே பற்று விழுகிறது. படையெடுத்து வந்தவர்களிடமிருந்து ஊரைக் காக்கச் சின்னப் பையன் மூடுபனியைக் கிளப்புகிறான். ஊர் பிழைத்தது. பையன் பேச்சில்லாமல், சோறில்லாமல், தூக்கமில்லாமல் மரம் மாதிரி நிற்கிறான். இருந்ததற்கு மேல் எடுத்துச் செலவழித்துவிட்டான். ஓகியன் என்கிற பெரியவர் வந்து அவனை மீட்கிறார். பிறகு 13 வயதில் ஆற்றைக் கடக்கவைத்து அவனுக்கு உண்மைப் பெயர் சூட்டுகிறார். அதே 13.

அந்த ஓகியன் மழையில் நனைகிற இடம் ஒன்று உண்டு. மற்ற மந்திரவாதிகள் தலைக்கு மேல் மேகம் வந்தால் அடுத்த ஊர்ப் பக்கம் தள்ளிவிடுவார்கள். அங்கே இருப்பவன் இன்னொரு பக்கம் தள்ளுவான். இவர் தள்ளுவதில்லை. ஒரு மரத்தடியில் படுத்துக்கொள்கிறார், மழை தன் பாட்டுக்குப் பெய்கிறது. சீடனுக்கு எரிச்சல்: இவ்வளவு சக்தியை வைத்துக்கொண்டு நனைவானேன்? ஒரு தீவில் வரவழைத்த மழை இன்னொரு தீவில் வறட்சியாக விழலாம் என்பது பின்னால்தான் அவனுக்குப் புரிகிறது.

ஓட்டுச் சரிவில் விழும் தண்ணீரை வளவுக்குள், அதாவது வீட்டு நடு முற்றத்தில், அண்டா வைத்துப் பிடித்த வீட்டில் பிறந்தவன் நான். ஊருணி நிறைந்தால் ஊரே போய்ப் பார்க்கும். ஓகியன் நனைகிற பத்தியைத் தங்கச்சி மகளுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் யோசித்துவிட்டு, “நம்ம ஊருக்கு ஓகியன் வேண்டாம், அம்மான். மேகத்தத் தள்ளிவிடுறவுக பக்கத்து ஊருல இருந்தாப் போதும்” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் பாருங்கள், மந்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பற்றும் வரவும் பேசிவிட்டது. மற்ற இரண்டு செட்டிலும் இந்தப் பேச்சுக்கே வழியில்லை.

கணக்கு மேலும் ஏறுகிறது. வீம்புக்காக கெட் செத்தவர்களின் உலகத்தைத் திறக்கிறான். ஒரு நிழல் வெளியே வந்துவிடுகிறது. அதை அடைக்கப் பள்ளியின் தலைமை மந்திரவாதி நெம்மெர்லே தன் சக்தி முழுவதையும் கொட்டிவிட்டு இறந்துபோகிறார். சின்னவன் வாங்கிய கடனைப் பெரியவர் அடைத்தார். எங்கள் பக்கத்தில் இப்படி வீடுகளே கைமாறியிருக்கின்றன. மூன்றாம் பாகத்தில், 1972-இல், உலகத்தின் ஓட்டையை அடைக்க கெட்டே தன் சக்தி அத்தனையையும் கொடுத்து ஓட்டாண்டி ஆகிறான். வேறு யாராக இருந்தாலும் அங்கே முற்றும் போட்டிருப்பார்கள். லெ குவின் 18 வருஷம் கழித்து, 1990-இல், ‘தெஹானு’ எழுதினார். மந்திரம் போன மனுஷன் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வான் என்பதுதான் கதை. கூடவே டெனார் என்கிற விதவை, தீயில் வெந்த ஒரு சின்னப் பெண். சொத்து கரைந்த பிறகும் முகப்பில் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து வருகிறவர்களை வாங்க என்று கேட்ட கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட் வெட்கப்பட்டு ஒளிகிற பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

குறை இல்லையா? நிறைய. முதல் 40 பக்கம் பிள்ளைகளுக்கு இழுவை. பேச்சு குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. ஆங்கிலம் பழைய கதைசொல்லியின் நடை. அகராதி வேண்டாம், பொறுமை வேண்டும். முதல் பாகத்து மந்திரப் பள்ளியில் பெண்பிள்ளைக்கு இடமே கிடையாது. பெண்களின் மந்திரம் வலுவற்றது, பொல்லாதது என்கிற அர்த்தத்தில் அந்த ஊரில் சொலவடை வேறு. அவள் புத்தகத்தை டப்பென்று மூடிவிட்டு, “ஹெர்மயனி இருந்தா இவங்களுக்குத் தெரியும்” என்றாள். பாட்டர் கதையில் ஹாரியின் கெட்டிக்காரத் தோழி அவள். நியாயம்தான். லெ குவினே அந்தச் சொலவடையைத் தெஹானுவில் திரும்ப எடுத்து விசாரிக்கிறார், ஆனால் அதுவரை ஒரு பிள்ளை காத்திருக்க வேண்டுமே. 2001-இல் வந்த கடைசி இரண்டு புத்தகங்களை நான் ஒரே தடவைதான் படித்திருக்கிறேன். இரண்டாம் தடவை தாங்குமா என்று இன்னும் தெரியவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் வாங்கியது 2018-இல் சார்லஸ் வெஸ் படங்களோடு வந்த ஒரே தொகுப்பு. அத்தனை கதையும் ஒரே அட்டைக்குள். அழகுதான், ஆனால் அம்மிக்கல். ஊஞ்சலில் படுத்துப் படித்தால் மூக்கில் விழும். ஐயாவின் சாய்ந்த மூடி போட்ட கணக்குப் பெட்டி மேல் வைத்துத்தான் படிக்கிறேன். தனித்தனி பாகமாக வாங்கியிருந்தால் அவள் பையில் ஒன்றாவது ஊருக்குப் போயிருக்கும்.

போகவில்லை. இங்கேயே விட்டுவிட்டு, சிநேகிதியிடம் இரவல் வாங்கிய பாட்டர் நாலாம் பாகத்தோடு ரயிலேறினாள். போன வாரம் போன் செய்தாள்.

“தெஹானு முடிச்சிட்டீகளா அம்மான்? கெட்டுக்குப் பவர் திரும்ப வந்துச்சா?”

“வரல.”

“அப்ப மிச்சப் பக்கத்துல என்னதான் பண்றான்?”

“ஆடு மேய்க்கிறான்” என்றேன்.

அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று போனைக் கொடுத்துவிட்டாள்.